ஷம்ஷாத்தின் வலது உள்ளங்கை

வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் பதினோரு வருடமாகப் பீக்கர் கழுவிவந்த ஷம்ஷாத்துக்கு, போன ஆடி மாதம் ஒரு புதன்கிழமை, வலது உள்ளங்கை பாசிப்பச்சையானது. அன்று அவர் எந்தப் பச்சைச் சாயத்தையும் தொட்டிருக்கவில்லை. சோப்புக்குப் போகாத நிறம் சாயங்காலம் தானாகவே மறைந்தது.

சாம்பிள் துணியின் நிறத்தைப் பார்த்து, எந்தச் சாயம் எவ்வளவு என்று கண்டுபிடித்துவந்த ராக்கையா அந்த மாதம்தான் வேலையை விட்டு ஊருக்குப் போயிருந்தார். வேறு ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளும்படி முதலாளி தனபால் ஷம்ஷாத்திடம் சொன்னார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய ஷம்ஷாத், மகள் தஹ்சீனின் பழைய போனில் இருந்த ஏஐயிடம் கேட்டார். “ஏனுங்க, இந்தக் கலருக்கு என்னென்ன போடோணுங்க?” அது சொன்ன அளவை அப்படியே கலக்கிய நாள்களில் கை வெறுமனே இருந்தது. ஏன் மஞ்சள் கூட வேண்டும் என்று கேட்டதும், “நீங்கள் முதலில் பாருங்கள், எது தூக்கலாகத் தெரிகிறது?” என்று அது திருப்பிக் கேட்டது. தப்பாகச் சொல்லி, மறுபடி கலக்கி, நான்காவது தடவை தனக்கே பிடிபட்டபோதுதான் சாம்பிளின் பச்சை கையில் ஏறியது. பிறகு ஏறிய நிறங்கள் அந்தந்த வேலை முடியும்வரை போகவில்லை. நாற்பது தடவை ‘ஏன்’ கேட்டாலும் போனுக்குச் சலிக்கவில்லை. ராக்கையாவும் கெட்டவர் அல்ல. சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. நோன்புப் பெருநாளன்று ஷம்ஷாத்தின் வலது கை ஊதாவில் நின்றதால், தஹ்சீன் இடது கைக்கு மட்டும் மருதாணி வைத்தாள்.

சித்திரையில் நாலு டன் துணிக்குக் கருநீலம் கேட்டு ஆர்டர் வந்தது. ஷம்ஷாத் கலக்கிச் சாயமேற்றிய துணித்துண்டை வெயிலில் பார்த்தபோது நிறம் இம்மி பிசகவில்லை. துணியை மெசினில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குடோனின் மஞ்சள் பல்புக்குக் கீழே நின்ற ஷம்ஷாத் கையிலிருந்த அந்தத் துண்டைப் பார்த்தார். உள்ளங்கை கருநீலமாகவே இருந்தது. துண்டு கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிருந்தது. பக்கத்தில் நின்ற தனபாலிடம் திரும்பினார்.

“மெசினை நிறுத்தச் சொல்லுங்க. கடை லைட்டுல இது செவந்துருமுங்க.”

“வெயில்ல சரியாத்தானுங்க இருந்துது? ஆறு நாள்ல கப்பலுக்குப் போகோணும், ஷம்ஷாத்தம்மா.”

“என்ற கையப் பாருங்க.”

தனபால் கையையும் துண்டையும் பல்புக்குக் கீழே சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். மெசின் நின்றது. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிற கலவைகள் இன்னொன்றில் பிரிந்துபோகலாம் என்று ஏஐ விளக்கியது. எந்தச் சாயம் காரணம் என்பதை அங்கிருந்து சொல்ல முடியாது, தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள் என்றது. ஷம்ஷாத் ஒவ்வொரு சாயமாக மாற்றிப் பார்த்தார். ஐந்தாவது துண்டில் சிவப்பை மாற்றினார். பல்பிலும் வெயிலிலும் துணி கையோடு ஒன்றாக நின்றது.

ஆறாம் நாள் காலை ஏற்றுமதிக்காரருக்காகத் தரம் பார்க்கும் செக்கர் இசக்கிமுத்து வந்தார். துணியின் பக்கத்தில் ஷம்ஷாத்தின் கையையும் வைக்கச் சொல்லி, மூன்று விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ‘துணிக்கும் கைக்கும் வித்தியாசம் இல்லை’ என்று எழுதினார். லேப் பொறுப்பாளர் என்ற கட்டம் காலியாக இருந்தது. தாளை ஷம்ஷாத் பக்கம் திருப்பி, “இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா” என்றார். கருநீலக் கையால் ஷம்ஷாத் தன் பெயரை நிதானமாக எழுதினார்.