செல்வராணி காட்டிய ஆள்

மில்லர்புரத்தில் செல்வராணியின் கடையில் ஒரு தடவை சாமான் வாங்கியவர் அவள் கண்ணிலிருந்து தப்ப முடியாது. நாலு வருஷம் கழித்து வந்தாலும், அன்றைக்கு இடுப்பில் இருந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறானா என்று கேட்டுவிடுவாள். கணவர் சிவசுப்பிரமணியன் ஆள் தெரியாமல் முழிக்கும்போதெல்லாம் அவள்தான் எடுத்துக்கொடுப்பாள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

பைக்கில் வந்த ஒருவன் அவள் தாலிச்சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். சிறையில் நடந்த அடையாள அணிவகுப்பில், வரிசையில் நின்ற பத்துப் பேரில், போலீஸ் சந்தேகத்தில் பிடித்திருந்த இசக்கிராஜாவை நேரே போய்த் தொட்டாள். திருடன் ஹெல்மெட் போட்டிருந்தானே என்று அவன் வக்கீல் கோர்ட்டில் மடக்கிப் பார்த்தார். "ஒரு மூஞ்சியப் பாத்தா நான் மறக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். வேறு சாட்சி இல்லை, நகையும் அகப்படவில்லை. அவள் சொல் ஒன்றுக்கே அவனுக்கு மூன்று வருஷம் விழுந்தது. அவன் அப்பீல் போட்டிருக்கிறான் என்று கேட்டுச் சிரித்துக்கொண்டாள்.

தசரா வந்தது. குலசேகரன்பட்டினம் அம்மனுக்கு வேஷம் கட்டியவர்கள் காணிக்கை கேட்டு மேளத்தோடு கடைகடையாக ஏறி இறங்கினார்கள். அப்போது அவள் போன், இரண்டு வருஷத்துக்கு முன் இதே நாளில் அவள் எடுத்த படத்தைத் தானாகவே காட்டியது. கடை வாசல் பெஞ்சில் ஒரு காளி. கிரீடத்தை மடியில் வைத்து, நாக்கைக் கழற்றி, முகத்துச் சாயத்தைத் துடைத்துவிட்டு, அவள் கொடுத்த எலுமிச்சைச் சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. வேஷம் கட்டியவரை அம்மன் என்று கும்பிடுவார்களே தவிர, ஆள் யாரென்று யாரும் யோசிப்பதில்லை. அவளும் யோசிக்கவில்லை. இப்போது உற்றுப் பார்த்தாள். இசக்கிராஜா.

சங்கிலி போனது அந்தப் படம் எடுத்த நாலாம் நாள்.

அந்தப் பத்துப் பேரில் அவளுக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான். அதைத்தான் திருடன் முகம் என்று தொட்டிருக்கிறாள். ஆயிரம் கடை ஏறியவனுக்கு இந்தக் கடை எங்கே நினைவிருக்கும்? படம் அவள் கையில் மட்டும் இருந்தது. விரலால் தட்டினால் அழிந்துவிடும்.

"ஏளா, இப்பம் மாத்திச் சொன்னா பொய்ச்சாட்சின்னு உன்னத் தூக்கி உள்ள வைப்பாங்க" என்றார் சிவசுப்பிரமணியன்.

அவர் பயந்ததில் தப்பில்லை. இனி தன் கண்ணை யார் நம்புவார்கள் என்பதுதான் செல்வராணிக்குப் பெரிய பயம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் போனை எடுத்துக்கொண்டு இசக்கிராஜாவின் வக்கீலைத் தேடிப் போனாள்.

அப்பீல் கோர்ட் அவளை மறுபடி கூண்டில் ஏற்றியது. அன்றைக்கு அவ்வளவு உறுதியாகச் சொன்னது பொய்யா என்று அரசு வக்கீல் கேட்டார்.

"பொய்யில்ல ஐயா. நான் பாத்த மூஞ்சிதான். எங்க வச்சுப் பாத்தேங்கதுலதான் தப்புப் பண்ணிட்டேன். அறுத்தவன் மூஞ்சிய நான் சரியாப் பாக்கவே இல்ல."

பார்க்கவில்லை என்று நாலு பேர் முன்னால் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்கி வந்தாள். வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம், அவர் கேட்காமலே, "எங்க வீட்டுக்காரி" என்று சிவசுப்பிரமணியன் சொல்லிக்கொண்டிருந்தார்.

இசக்கிராஜா விடுதலையானான். அடுத்த தசராவில் ஒரு காளி கடை வாசலுக்குத் தனியாக வந்தது. அதே பெஞ்சில் உட்கார்ந்து, கிரீடத்தை மடியில் வைத்து, நாக்கைக் கழற்றி, முகத்துச் சாயத்தைத் துடைத்தது. செல்வராணி எலுமிச்சைச் சாற்றை நீட்டினாள்.

"அக்கா, நல்லாப் பாத்துக்கோங்க" என்றான் இசக்கிராஜா.

கும்பிடுவதற்கு முன்னால், இந்தத் தடவை அவனை நன்றாகப் பார்த்தாள்.