உயிரோடு இருப்பவர்களுக்கான இரங்கல்

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு நாளிதழில் இரங்கல் செய்தி எழுதியவர். பெரிய மனிதர் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று காதில் விழுந்தால் போதும், அவர் கண்ணை மூடும் முன்பே இவர் எழுதி முடித்துக் கோப்பில் போட்டுவிடுவார். அந்தத் தொழிலில் அது தப்பில்லையாம். நேரம் வந்ததும் தேதியைச் சேர்த்து அச்சுக்கு அனுப்ப வேண்டியதுதான். எழுதி வைத்த பிறகு பிழைத்து எழுந்து, மறு கல்யாணமும் செய்துகொண்ட ஒரு நடிகர் மேல் இவருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

ஓய்வு பெற்ற மறுநாளும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டார். தினமும் ஒன்று எழுதாவிட்டால் கை நமநமக்கிறதாம். சமையலறையில் மூக்கை நுழைக்காமல் இருந்தால் சரி என்று நானும் விட்டுவிட்டேன். யாரைப் பற்றி எழுதுகிறார் என்று கேட்டிருந்தால் பல வம்பு மிச்சமாகியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வந்தார். மேசையில் கிடந்த தாளை எடுத்துப் படித்தவர், தன் மறைவால் குடும்பமே கண்ணீரில் மூழ்கியிருப்பதைத் தெரிந்துகொண்டார். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் என் அண்ணனாயிற்றே, இரண்டாம் முறை நிதானமாகப் படித்துவிட்டு, கல்லூரியில் கேரம் போட்டியில் கோப்பை வாங்கியதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டார். இவரும் கூசாமல் எந்த வருடம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அதன்பிறகுதான் அண்ணனுக்குக் கோபப்பட மறந்தது நினைவுக்கு வந்தது.

"மாப்பிள்ளை இனிமே பேனாவைத் தொடக் கூடாது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அலமாரியைத் திறந்து பார்த்தேன். மேல்வீட்டுப் பல் டாக்டர், குழாய் ரிப்பேர்காரர், எங்கள் சம்பந்தி என்று கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற அத்தனை பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தண்ணீர் கேன் போடுகிறவருக்கு இரண்டு பக்கம். நான் மட்டும் இல்லை. அந்த வயிற்றெரிச்சலிலேயே தாளையும் பேனாவையும் உள்ளே வைத்துப் பூட்டினேன்.

அவர் சண்டை போடவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு மேசைக்கு வந்து, உப்பு ஜாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் இஸ்திரி போடாத சட்டையோடு வந்தார். அதன்பிறகு வரவேயில்லை, படுக்கையிலேயே கிடந்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பூட்டைத் திறந்து, தாளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"கேன் போடறவருக்குக்கூட ரெண்டு பக்கம். எனக்கு ஒரு வரி கெடையாதா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"தினமும் மொதல்ல உன்னோடதைத்தான் ஆரம்பிப்பேன். எழுதி முடிச்சுக் கோப்புல போட்டுட்டா, அப்புறம் எனக்கு அந்த ஆளோட நெனப்பே வராது. தொழில் புத்தி அப்படி. அதான் பயந்து பாதியிலேயே கிழிச்சுடுவேன். கை சும்மா இருக்காதே, வேற யாரையாவது எழுதுவேன்."

அதாவது, இத்தனை பேரை இவர் அனுப்பி வைத்தது என் ஒருத்தியை நிறுத்தி வைக்கத்தான். முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காட்டிக்கொள்ளவில்லை, காட்டினால் அதையும் எழுதிவிடுவார்.

"மத்தவங்களை விட்டுடுங்க. என்னோடதை மட்டும் எழுதுங்க. ஆனா முடிச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

மறுநாள் காலையில் இஸ்திரிப் பெட்டி சூடாகும் வாசனை வந்தது. அண்ணனுக்கும் இப்போது ஆட்சேபணை இல்லை. தன்னுடையதில் கோப்பையைச் சேர்த்தாயிற்றா என்று மட்டும் கேட்டார்.

தினமும் எழுதியதை மத்தியானம் எனக்குப் படித்துக் காட்டுகிறார். நானும் ஏதாவது குற்றம் கண்டுபிடிக்கிறேன். நேற்று 'பொறுமையே உருவானவர்' என்று எழுதியிருந்தார். அது யார் என்று கேட்டேன். மறுபேச்சில்லாமல் கிழித்துப் போட்டுவிட்டு, நாளைக்குப் புதிதாக ஆரம்பிக்கிறேன் என்றார்.