முத்திருளன் வேனில் எல்லாரும் சொந்தம்

முத்திருளனின் வேனில் ஏறுகிற யாருக்கும் முதலில் ஒரு சொந்தம் கிடைக்கும். உட்கார இடம் அப்புறம்தான். கீரைக்கட்டுகளோடு ஒத்தக்கடைக்குப் போகிற முத்துத்தாய் அவனுக்கு மூத்த அக்கா. காலேஜுக்குப் போகிற பையன்கள் தங்கச்சி மக்கள். வளையல் பெட்டியோடு ஊர் ஊராகச் சுற்றுகிற சேக் இஸ்மாயில் பாயை எந்த முறையில் சேர்ப்பது என்று தெரியாமல் முழித்து, கடைசியில் கெடா வெட்டுக்குப் பிரியாணி போட வந்த சமையல்காரர் ஆக்கிவிட்டார்கள். அந்த மனுஷனுக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாது என்பது வேறு விஷயம்.

சட்டம் அப்படி இருந்தது. ஒரு குடும்பம் சேர்ந்து வேனை வாடகைக்குப் பேசி விசேஷத்துக்குப் போகலாம். வழியில் நிற்கிறவர்களை ஏற்றி ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கக் கூடாது; அது பஸ் செய்கிற வேலை. சரி, பஸ் செய்யட்டும், யார் வேண்டாம் என்றது? திருவாதவூருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அதுவும் வரும்போதே படிக்கட்டு வரைக்கும் ஆள் தொங்கும். கை காட்டினால் டிரைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார். மிச்ச நேரத்துக்கெல்லாம் முத்திருளன் வேன்தான்.

அதனால் பிரேக் இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் கண்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவனே எல்லாருக்கும் பாடம் நடத்தியிருந்தான். "நாமெல்லாம் ஒரே குடும்பம். அழகர்கோயில்ல கெடா வெட்டு. காசு யாரும் குடுக்கல. அம்புட்டுத்தான். இதுக்கு மேல ஒருத்தரும் வாயத் தெறக்கப்படாது." முத்துத்தாய் மட்டும் வாயைத் திறப்பாள். அவளுக்குப் பொய் என்றால் பலகாரம். கெடா என்ன நிறம், யார் வாங்கிக் கொடுத்தது, எந்தச் சம்பந்தி கோபித்துக்கொண்டு வரவில்லை என்பது வரைக்கும் சொல்லி இன்ஸ்பெக்டருக்கே தலைசுற்ற வைப்பாள்.

அப்படியும் ரெண்டு தடவை மாட்டினான். அடுத்த தடவை பிடிபட்டால் வண்டி பறிமுதல், லைசென்ஸும் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் மனைவி அன்னக்கொடிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த வயலை விற்று வாங்கிய வண்டி அது. அந்த வயலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முத்திருளன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஓட்டுவான்.

அந்த எண்பத்திரண்டாம் வருஷம் ஊர்க்காரர்கள் கூடி ஒரு மனுப் போட்டார்கள். இந்த வேனையே சின்ன பஸ்ஸாக ஏற்றுக்கொண்டு, ரூட்டும் பெர்மிட்டும் கொடுங்கள், ஒழுங்காக டிக்கெட் கிழித்து ஓட்டட்டும் என்று கேட்டார்கள். மனு எந்த மூலையில் கிடந்ததோ, ஒரு நாள் பதில் வந்துவிட்டது. பொதுமக்களுக்கு உண்மையிலேயே இந்த வண்டி தேவைதானா என்று பெரிய அதிகாரி ஒருவர் நேரில் வந்து விசாரிப்பாராம். முத்திருளனுக்குத் தலைகால் புரியவில்லை. ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொன்னான்.

"இனிமே பொய்யே வேணாம். அதிகாரி வருவாரு. உள்ளது உள்ளபடி சொல்லுங்க. காசு குடுத்துத்தான் வாரோம், இந்த வண்டி இல்லாட்டி நாங்க நடந்துதான் போகணும்னு சொல்லுங்க."

"அதெல்லாம் சொல்லிருவோம்ப்பா" என்றாள் முத்துத்தாய். சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துக் கண்ணடித்தாள். பாவம் தம்பி, யாரோ பின்னால் இருந்து மிரட்டி இப்படிச் சொல்லச் சொல்கிறார்கள் என்று அவளாகவே முடிவுகட்டியிருந்தாள். அந்தக் கண்ணடிப்பை முத்திருளன் கவனித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கண் ரோட்டில் இருந்தது.

அன்றைக்குக் காலை பஸ் போய்க் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வேன் நிறைந்துவிட்டது. சோலையம்மாள் தன் மருமகள் செல்லத்தாயைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார வைத்தாள். செல்லத்தாய்க்கு நிறைமாசம்.

"என்ன அயித்தை, வலியா?" என்றான் முத்திருளன்.

"சேச்சே, பெரியாஸ்பத்திரியில சும்மா காட்டிட்டு வரப் போறோம். நீ பாத்து ஓட்டு, குலுக்காத."

ஊரைத் தாண்டிக் கண்மாய்க்கரைப் புளியமரத்தடியில் ஜீப் நின்றது. ஜீப்பைப் பார்த்துச் சந்தோஷமாகப் பிரேக் போட்ட டிரைவர் அந்த ரோட்டில் முத்திருளன் ஒருவனாகத்தான் இருப்பான். குதித்து இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கும்பிட்டான். பிரேக் இன்ஸ்பெக்டர் காக்கியில் நின்றார். கூட வந்தவர் வெள்ளைச் சட்டை, கண்ணாடி, கையில் பேப்பர் வைத்த அட்டை. முகத்தில் நல்ல குணம் தெரிந்தது.

அவர் ஜன்னல் பக்கமாக வந்து, "எங்கம்மா போறீங்க எல்லாரும்?" என்று கேட்டார்.

முத்துத்தாய் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அழகர்கோயிலுக்குய்யா. கெடா வெட்டு. எல்லாரும் ஒரே குடும்பம்."

முத்திருளன் குறுக்கே புகுந்தான். "அக்கா! உண்மையச் சொல்லுக்கா!"

"அதத்தானப்பா சொல்றேன். அக்காங்குறான் பாருங்க, கூடப்பொறந்த தம்பிய்யா."

"காசு எவ்வளவு குடுக்குறீங்க?"

"காசா? கூடப்பொறந்தவன்கிட்டக் காசு குடுத்தா நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாவான்யா."

"அய்யா, நம்பாதீக!" முத்திருளன் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடினான். "பாய், நீங்களாச்சும் சொல்லுங்க!"

சேக் இஸ்மாயில் வளையல் பெட்டியைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினார். "சமையல்காரன் சார். பிரியாணிக்கு வந்திருக்கேன்." சொல்லிவிட்டு முத்திருளனைப் பார்த்துப் பரிவோடு தலையசைத்தார்: பயப்படாதே மாப்ள, உன்னைக் கைவிட மாட்டோம்.

இவன் கத்தக் கத்த, அடேங்கப்பா தம்பி நன்றாக நடிக்கிறான் என்று அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இந்தக் கடாக்கள் பாசத்தோடு பாய்ந்தன. முத்திருளனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அதிகாரி கடைசியாகச் செல்லத்தாயைப் பார்த்தார். அவள் முகமெல்லாம் வேர்த்திருந்தது. முந்தானையைப் பல்லில் கடித்திருந்தாள்.

"நீயும் கெடா வெட்டுக்காம்மா? இந்த நெலமையிலயா?"

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "ஆமாய்யா" என்றாள். மறுபடியும் கடித்துக்கொண்டாள்.

அதிகாரி அட்டையை மூடினார். "இதுல பொதுமக்கள் எங்கப்பா இருக்காங்க? ஒரு குடும்பம் சொந்தக் காரியத்துக்குப் போகுது. இதுக்கு எதுக்கு ரூட்டு? நான் இல்லைன்னுதான் எழுத முடியும். நீ தப்பும் பண்ணல. போய்ட்டு வா."

தப்பு இல்லையாம். தலை தப்பியது என்று வேறு எவனாக இருந்தாலும் வண்டியைக் கிளப்பியிருப்பான். ஆனால் இன்றைக்குத் தப்பித்தால் ஆயுசுக்கும் தப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று முத்திருளனுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அவனை உலுக்கிவிட்டது.

"அய்யா, நான் காசு வாங்குறேன்" என்றான். "தெனமும் வாங்குறேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் வாங்குறேன். இதுல ஒருத்தர்கூட எனக்குச் சொந்தம் இல்ல. எழுதிக்கங்க."

முத்துத்தாய் திறந்த வாயை மூட மறந்துபோனாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று இன்ஸ்பெக்டருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. "ஒத்துக்கிட்டான் பாத்தீங்களா சார்? இது மூணாவது கேஸு" என்றபடி கையை உள்ளே விட்டுச் சாவியை உருவினார். "எல்லாரும் எறங்குங்க. வண்டி பறிமுதல்."

அதிகாரி குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் செல்லத்தாய் அலறினாள்.

அத்தனை நேரம் பல்லுக்குள் வைத்திருந்த அலறல் அது. கண்மாயில் இருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன. முத்திருளன் திரும்பிப் பார்த்தான். சீட்டிலிருந்து தண்ணீர் வடிந்து வேனின் தரையெல்லாம் நனைந்திருந்தது. சோலையம்மாள் மருமகளை மடியில் சாய்த்துக்கொண்டு, "பனிக்குடம் ஒடைஞ்சிருச்சே ஆத்தா, முன்னமே ஒடைஞ்சிருச்சே" என்று அரற்றினாள்.

அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏம்மா, வலின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் நின்னு கேட்டேனே!"

செல்லத்தாய் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "சொன்னா… அண்ணே வண்டியப் புடிச்சிருவீகளே."

முத்திருளனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் திறக்காதே என்று சொல்லிக் கொடுத்தது யார்? அவன்தான். தலைச்சன் பிள்ளைக்காரி, உயிர் போகிற வலியில், அவன் சொல்லிக் கொடுத்த பாடத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துவிட்டாள். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றான்.

"ஜீப்புல ஏத்துங்க" என்றார் அதிகாரி.

"அந்தக் குறுகுன சீட்டுல எங்கிட்டுப் படுக்க வைக்க? அசைச்சா பிள்ளை தங்காதுய்யா, வண்டிய எடுங்க!" என்று கத்தினாள் சோலையம்மாள்.

"எடுய்யா வண்டிய!" சாவியை நீட்டினார் இன்ஸ்பெக்டர். முத்திருளன் வாங்கினான். சாவி மண்ணில் விழுந்தது. எடுத்தான், மறுபடியும் விழுந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து அதை எடுத்தார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். முத்திருளனைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அதிகாரி கீரைக்கட்டுகளுக்கு நடுவே இடம் பிடித்து நின்றார். ஜீப் பின்னால் வந்தது.

திருமோகூர் விலக்கு வந்தது. எப்போதும் போல அங்கே ஒரு கூட்டம் வேனுக்குக் காத்திருந்தது. தூரத்தில் வேனைப் பார்த்ததும் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள், கைகளை நீட்டினார்கள். வண்டி நெருங்கியது. டிரைவர் சீட்டில் காக்கிச் சட்டை தெரிந்தது.

அவ்வளவுதான், ஓடினார்கள். கூடைக்காரிகள் கூடையோடு கருவேலங் காட்டுக்குள் ஓடினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாலத்துக்கு அடியில் இறங்கினார்கள். காலில் கட்டுப் போட்ட ஒரு கிழவர் ஓட முடியாமல், நொண்டி நொண்டிப் போய், ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். மரம் அவரைவிட ஒல்லி. முள்ளுக்குள் ஒரு சேலை மாட்டிக்கொண்டு இழுபட்டது. கண் மூடித் திறப்பதற்குள் ரோட்டில் ஒருவர்கூட இல்லை.

அதிகாரி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தார். "யாருய்யா அவங்க? ஏன் ஓடுறாங்க?"

முத்துத்தாய்தான் சொன்னாள். "பொதுமக்கள்தான்யா. ஒங்களப் பாத்துத்தான் ஓடுறாக."

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இன்ஸ்பெக்டர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் உள்ளே போன பிறகு, சோலையம்மாளும் கூடவே ஓடிய பிறகு, மற்றவர்கள் வேன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்கள். சந்தையும் காலேஜும் யாருக்கும் நினைவில் இல்லை. வெயில் ஏறியபோது சோலையம்மாள் வெளியே வந்து, "பொம்பளப் பிள்ளை, ரெண்டு உசுரும் தப்பிருச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் முத்திருளன் வாய்விட்டு அழுதான்.

அதிகாரி அவனிடம் வந்து சாவியைக் கையில் வைத்தார்.

"நாளைக்கு ஆபீசுக்கு வா. அங்க ஓடுனாங்களே, அவங்களையும் வண்டியில ஏத்திட்டு வா. அவங்க சொல்றதக் கேட்டுத்தான் நான் எழுதணும்."

முத்திருளன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "அவுக வர மாட்டாகய்யா" என்றான். "ஒங்க ஆபீசுன்னா அம்புட்டுப் பயம்."

அதிகாரி இன்ஸ்பெக்டரின் காக்கியைப் பார்த்தார், தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"அப்ப நான் அங்க வர்றேன்" என்றார். "ஜீப்பு வேணாம். என்னைய உன் வண்டியில கூட்டிட்டுப் போ."