உள்பக்கம் முறுக்கிய வேலி

ஆட்டுக்கென்று போட்ட வேலிக்குள் ஞானையா வாத்தியாரின் மகன் ஷாம் ஒரு மழைக்காலம் முழுக்க மாட்டிக்கொண்டு கிடந்தான். வாசல் கதவு திறந்துதான் இருந்தது. லீவு முடிந்து கப்பல் ஏறக் கிளம்பியவன், பெட்டியோடு கதவைத் தாண்டிக் காலை வெளியே வைத்தால், அந்தக் கால் வீட்டு முற்றத்தில் வந்து விழுந்தது. நடந்து போனால்தானே இப்படி என்று கார் பிடித்தார்கள். கார் சாத்தான்குளம் ரோட்டில் ஏறிப் போய்விட்டது. பின் சீட்டில் இருந்த ஷாம் மட்டும் மடியில் பெட்டியோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். பால்காரர் வந்தார், போனார். வாத்தியாரும் அவர் மனைவி இன்பமணியும் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய் வந்தார்கள். ஷாமுக்கு மட்டும்தான் வழியில்லை. கப்பல் கம்பெனிக்காரன் போனில் கத்தினான். இன்பமணி தனக்கு ரொம்ப மனவருத்தம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து மகனுக்குச் சீலா மீன் பொரித்தாள்.

அந்த வேலியைப் போட்டவள் ஆறுமுகநேரி ஞானசௌந்தரி. வீட்டு மனையில் ஆடு கோழி வளர்ப்பவர்களுக்குக் கல்லுக்கால் நட்டு, கம்பிவலை இழுத்துக் கட்டித் தருகிற வேலையை முதலில் அவள் புருஷன்தான் செய்துகொண்டிருந்தார். அவர் போட்ட வேலியை ஆடுகள் தாண்டின, கோழிகள் நுழைந்து போயின, உலகத்து வேலி எல்லாவற்றையும் போலத்தான். ஒரு வைகாசியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகு, கடப்பாரையையும் கம்பி முறுக்கும் குறட்டையும் அவள் எடுத்துக்கொண்டாள். மிச்சம் இருந்தது ஒரே மகள் பெனிஷா, அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. இனி ஒன்றும் என்னை விட்டுப் போகக் கூடாது என்ற நினைப்போடுதான் ஞானசௌந்தரி ஒவ்வொரு முடிச்சையும் முறுக்கினாள். அந்த நினைப்பு கம்பிக்குள் இறங்கிவிட்டது. இதைத் தவிர வேறு காரணம் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவள் வேலிக்குள் விட்ட ஆடு வெளியே போகாது. தடுப்பூசி போட வேண்டுமானால் கால்நடை டாக்டர்தான் உள்ளே வர வேண்டும். கிடாயை விற்க வேண்டுமானால் ஞானசௌந்தரி வந்து ஒரு முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும், பிறகுதான் அது காலைத் தூக்கும். ஆலந்தலை சிலுவை அவளோடு வேலை செய்தான். கடலுக்குப் போனால் குடல் வெளியே வருமளவு வாந்தி எடுப்பவன், ஆகவே மீன்வலையை விட்டுக் கம்பிவலைக்கு வந்துவிட்டான். தொழிலில் அவர்கள் மீறாத முறை ஒன்று உண்டு. கம்பிவலையைக் கல்லுக்காலோடு சேர்த்துக் கட்டுகிறவர் வெளியே நிற்க வேண்டும், கட்டுக்கம்பியின் முறுக்கும் முனையும் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்பக்கம் வழவழப்பாக இருக்கணும். இல்லையென்றால் ஆடு உரசி மூஞ்சியைக் கிழித்துக்கொள்ளும். வழவழப்பான பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத்தான் வேலி பிடித்து வைத்தது. அதிலும் எல்லாரையும் பிடிக்காது. போய்விடக் கூடாதே என்று வீட்டார் யாரை நினைத்து ஏங்குகிறார்களோ, அவர்களை மட்டும்தான்.

ஷாம் விஷயம் காதுக்கு வந்ததும் ஞானசௌந்தரி பஸ் ஏறிப் போய் முடிச்சை அவிழ்த்தாள், பையன் கப்பலுக்கு ஓடினான். ஆனால் செய்தி அவனுக்கு முன்னால் ஓடிவிட்டது. அந்தக் கடற்கரையில் பிள்ளைகள் எல்லாரும் எங்காவது போகிறவர்கள்தானே, கப்பலுக்கு, துபாய்க்கு, சென்னைக்கு. ஆட்டுவாடையே ஆகாத தாய்மார்கள் எல்லாம் ஆடு வளர்க்க ஆசைப்பட்டார்கள். எட்டயபுரம் சந்தையில் ஆட்டு விலை ஏறியது. ஒற்றை ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டு வேலி கேட்டவர்கள் அநேகம். ஆலந்தலை ரோஸ் அதற்கும் சோம்பல்பட்டுப் பக்கத்து வீட்டு ஆட்டைக் காட்டினாள். வேலி போட்ட மறுவாரம் ஞானசௌந்தரி அந்தப் பக்கம் போனபோது, ரோஸ் மகன் ஜாய்சன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்து நின்றான். ஞானசௌந்தரி பையிலிருந்து குறட்டை எடுத்தாள். கேட்காமலே முடிச்சை அவிழ்த்தாள், ரோஸ் வாயில் வந்ததையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றோடு, ஆட்டுக்கு மட்டும்தான் வேலி, ஆளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள்.

ஊருக்குத்தான் உபதேசம். நர்சிங் முடித்த பெனிஷா வீட்டுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஜெர்மன் படித்துப் பரீட்சையும் எழுதி, ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை ஆகிவிட்டது, விசாவும் வந்துவிட்டது என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். ஞானசௌந்தரி நல்லதுதானேளா என்று சொல்லி, மகள் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். மறுநாள் காலை, பத்து வருஷமாக ஒடைமுள்ளை வெட்டி வேலியாகப் போட்டே காலத்தை ஓட்டிய தன் சொந்த வீட்டைச் சுற்றிக் கயிறு பிடித்துக் குழி தோண்ட ஆரம்பித்தாள். சிலுவை கல்லுக்காலை இறக்கினான். காரணம் கேட்டால் அடி விழும் என்று அவனுக்குத் தெரியும்.

பெனிஷா துணி காயப்போட வந்தவள் குழிகளைப் பார்த்தாள்.

"எதுக்கும்மா வேலி?"

"ஆடு வாங்கப் போறேன்."

"ஆட்டுக்கறி கொதிச்சாலே மூக்கப் பொத்திட்டுத் தெருவுக்கு ஓடுதவ நீ."

ஞானசௌந்தரி கடப்பாரையை ஓங்கிக் குத்தினாள். "கறிதான் ஆகாது. ஆடு ஆகும்."

பெனிஷா அழவில்லை, சண்டையும் போடவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, "போட்டா போடு. நான் இங்கனயே கெடக்கேன். ஆனா தெனமும் காலைல எந்திச்சி நீ என் மூஞ்சியப் பாக்கணும், அத மட்டும் யோசிச்சிக்கோ" என்றாள். பிறகு உள்ளே போய் அம்மாவுக்கும் சிலுவைக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

மூன்று பக்கமும் கட்டி முடிந்தது. நாலாவது பக்கம் ஞானசௌந்தரி ரோட்டில் நின்று முறுக்கிக்கொண்டிருந்தாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பெனிஷா காய்ந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் மகள் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. ஞானசௌந்தரி முறுக்குவதை நிறுத்தினாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, கட்டியதையெல்லாம் முதலிலிருந்து அறுத்துப் போட்டாள். கம்பிவலையைக் கல்லுக்காலின் வெளிப்பக்கம் வைத்துப் பிடிக்கச் சிலுவையிடம் சொன்னாள். முற்றத்தில் நின்றபடி, முறுக்கும் முனையும் தன் வீட்டைப் பார்க்க, திரும்பக் கட்ட ஆரம்பித்தாள்.

சிலுவைக்குப் பொறுக்கவில்லை. "யக்கா, தப்பாக் கட்டுதிய. முறுக்கு உள்ள வருதுல்லா."

"வரட்டும்."

"அப்பம் வழவழப்பு ரோட்டுப் பக்கம் போயிருமே. இந்த வேலி எதப் புடிச்சி வைக்கும்?"

"ரோட்ட. ரோட்டுக்கு அங்கன உள்ள ஊரு, கடலு, ஜெர்மனி, எல்லாத்தையும்" என்றாள் ஞானசௌந்தரி. "எம்மவ எங்க வேணா போட்டும்லே. எங்க போனாலும் என் வேலிக்குள்ளதான் நிப்பா."

சிலுவை உலகத்தை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, கம்பியை இறுக்கிப் பிடித்தான். பெனிஷா கிளம்பிய காலையில் கடைசி முடிச்சு முடிந்தது. அவள் கதவைத் தாண்டிக் காலை வெளியே வைத்தாள், கால் வெளியேதான் விழுந்தது. வாகைக்குளத்து விமான நிலையத்துக்குப் போகும்வரை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதாகக் கார் ஓட்டிய சிலுவை சொன்னான். ஞானசௌந்தரி அன்றைக்கு உலை வைக்கவில்லை.

மார்கழி வந்தது. வீடியோ காலில் மகள் முகம் வெளுத்து இருந்தது. நல்லா இருக்கேம்மா என்றாள், நல்லா இல்லை என்று தாய்க்குத் தெரியாதா. ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லாத பெனிஷா, அறைக்குள் இருக்கப் பிடிக்காமல் பனியில் நடக்கப் போனாள். எந்தப் பக்கம் என்று யோசிக்கவில்லை, கால் போன போக்கில் போனாள். வீடுகள் முடிந்து வெறும் வெள்ளை வந்தது. வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள் வந்தன. கோட்டுக்குள் வேர்த்து ஊற்றியது. குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள், உப்பு. உப்புப் பாத்தியில் நின்ற பெண்கள் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்து, யார் மகள் இது, இந்த வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போகிறது என்று பேசிக்கொண்டார்கள். உப்பளத்துப் பாதை நேரே ஆறுமுகநேரியில் அவள் தெருவில் கொண்டுபோய் விட்டது.

ஞானசௌந்தரி வெளியே வந்து பார்த்தாள். கட்டிப்பிடித்து, அழுது, மெலிஞ்சிட்டியேளா என்று முதுகில் ரெண்டு சாத்தினாள். வா உள்ள, சாப்புடு என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதவைத் தாண்டினால், அவள் கையில் காற்றுதான் இருந்தது. பெனிஷா ரோட்டைப் பார்த்தபடி வெளியே நின்றாள். இன்னொரு தடவை நுழைந்தாள், இன்னொரு தடவையும் ரோடு. வேலிக்குள் இருப்பது வெளியே வராது அல்லவா, அவளுக்கு இப்போது வீடுதான் வெளி. போகிற மகளை நினைத்துக் கட்டிய தாய், வருகிற மகளை நினைக்கவில்லை.

ஞானசௌந்தரி ஓடிப்போய்க் குறட்டை எடுத்தாள். "ஒரு முடிச்ச அறுத்துருதேன், இரி."

"அறுத்தா நான் நடந்து வந்த வழி போயிருமே, அடுத்த வாரம் எப்படிம்மா வர?"

குறடு நின்றது. ஞானசௌந்தரி அதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சட்டியும் வந்தது, தட்டும் வந்தது. வேப்பமர நிழலில், ரோட்டோரத்தில், மகள் கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு ஊளி மீன் குழம்பை ஊற்றி ஊற்றித் தின்றாள். நாளைக் காலையில் டியூட்டி இருக்கிறது என்று கையைக் கழுவிவிட்டு வந்த வழியே நடந்தாள். உப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் பனி பெய்துகொண்டிருந்தது.

அதிலிருந்து டியூட்டி இல்லாத ஞாயிறெல்லாம் அவள் வருகிறாள். அந்த நேரம் திருச்செந்தூர் மினிபஸ் நாற்காலிகளுக்காகக் கொஞ்சம் ஒதுங்கிப் போகும், தெருக்காரர்கள் அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு மேலே நடப்பார்கள். போன மாதம் பஞ்சாயத்தார் வந்து அந்த மரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு போட்டுக் கொடுத்தார்கள், ரோட்டோரமாகப் பிள்ளை சாப்பிடுகிறதே என்று.