ஒற்றை ரிங்

அம்மாவின் கையிலிருந்து செல்போனை எடுக்க முடியவில்லை. மகள் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். மற்ற விரல்கள் வழிவிட்டன. கட்டைவிரல் மட்டும் பச்சைப் பொத்தானின் மேல் பிடிவாதமாக இருந்தது.

"மெதுவாம்மா," என்றார் பக்கத்து வீட்டு டீச்சர். ரிட்டையராகிப் பதினைந்து வருஷமாகியும் தெருவுக்கு அவர் டீச்சர்தான். "ஏழு மணிக்கு எனக்கு ரிங் வரல. ஏழேகால் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். உங்கம்மா லேட் பண்ற ஆளா? வந்து கதவத் திறந்தா, நாற்காலியில அப்படியே..."

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. மாரடைப்பாம். ஏழு மணிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டதாம். நேற்று சாயங்காலம்தான் அம்மா சாக்கடை மூடிக்காக என்ஜினீயரோடு மல்லுக்கு நின்றுவிட்டு வந்தாள். எழுபத்தெட்டு வயதில் தெருமுனை வரை கேட்கும் குரல். முடிந்துவிட்டதாமே! மகளுக்கு டாக்டர் மேல்தான் கோபம் வந்தது.

தெருவில் அம்மாவுக்கு மனு அக்கா என்று பெயர். நாற்பது வருஷமாக எழுதிய மனுக்களால் இந்தத் தெருவுக்கு விளக்கு வந்தது, குழாய் வந்தது, பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் வந்தது. மின்சார ஆபீசில் இவள் தலை தெரிந்தால் அதிகாரி பின்வாசல் வழியாக டீ குடிக்க நழுவிவிடுவார். அம்மா லேசுப்பட்டவளா? டீக்கடைக்கே போய் அவருடைய டம்ளருக்குப் பக்கத்தில் மனுவை வைப்பாள். "நீங்க குடிங்க சார், ஆறிடப் போகுது. நான் நிக்கிறேன்." மகளுடைய கல்யாணத்தன்றுகூட, தெருவில் குழாய் உடைந்து ஓடுகிறதென்று கட்டியிருந்த பட்டுப்புடவையோடு போய் தண்ணீர் ஆபீசில் உட்கார்ந்தவள். அதற்காக மகள் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ரிங்கும் அம்மாவின் ஏற்பாடுதான். அக்கம்பக்கத்துத் தெருக்களில் தனியாக இருக்கும் வயதானவர்கள் பதினாறு பேர். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ஆளுக்கு ஒரே ஒரு ரிங். நான் நல்லா இருக்கேன், நீ எப்படி என்று அர்த்தம். பதிலுக்கு அவர்களும் ஒரு ரிங் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இரண்டாவது ரிங் அடித்தால் மட்டும் எடுத்துப் பேச வேண்டும். ஏதோ சரியில்லை என்று பொருள்.

பதினேழாவது, நான்கு தெரு தள்ளியிருக்கும் மகள். "வீட்டு ஆளு கடைசிலதான்," என்பாள் அம்மா. அவளுக்கு ரிங் வர ஏழேமுக்கால் ஆகிவிடும். சமையலறையில் கை வேலையாக இருக்கும் நேரம். திரும்ப அடிக்க அலுத்துக்கொண்டு, முதல் ரிங் முடிந்ததுமே சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுவாள். கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். "சோம்பேறிக் கழுதை," என்று அம்மா சிரித்தாள். ஆனால் அந்த யோசனை பிடித்துப்போய் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

ஒரு வழியாகப் போன் கைக்கு வந்தது. மகள் திரையைப் பார்த்தாள். கடைசியாக அழைத்த எண்: 'பொண்ணு'. மணி 6.41.

காலையில் அந்த நேரம் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கட் பண்ணினாள். இன்னிக்கு என்ன இவ்வளவு சீக்கிரம் என்று ஒரு நினைப்பு வந்தது. குக்கரை மூடியதும் அதுவும் போய்விட்டது.

"யாருக்கும்மா கூப்பிட்டிருக்கா?" என்றார் டீச்சர்.

"எனக்குத்தான்."

"ஐயோ. என்ன சொன்னா?"

கட் பண்ணாமல் விட்டிருந்தால் இரண்டாவது ரிங் அடித்திருக்குமா? ஏதோ சொல்லத்தான் அம்மா கூப்பிட்டாளா? இனி யாரைப் போய்க் கேட்பது?

அப்போது அம்மாவின் போன் அவள் கையிலேயே அடித்தது. தூக்கிவாரிப் போட்டது. ஒரே ரிங். நின்றுவிட்டது. 'மாடி டெய்லர்' என்று திரையில் இருந்தது.

"பாவம், பதினாறு பேர்ல அவருக்கு மட்டும் இன்னும் தெரியாது," என்றார் டீச்சர். "மத்த எல்லாரும் வந்துட்டாங்க. முட்டி வலி, அவரு மாடிய விட்டு இறங்கறதே இல்ல. நீயே கூப்பிட்டுச் சொல்லிடு."

மகள் அவர் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். ஒரு ரிங் போனது. கட்டாகிவிட்டது.

"என்னாச்சு?"

"கட் பண்ணிட்டாரு."

"அப்படித்தானே பண்ணுவாரு. நீ கண்டுபிடிச்ச வழியாச்சே," என்றார் டீச்சர். அவர் குத்திக்காட்டவில்லை. யதார்த்தமாகத்தான் சொன்னார்.

மறுபடி அழைக்க விரல் எழும்பவில்லை. வாசலில் கிடந்த அம்மாவின் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, நாற்காலிகளில் இருந்தவர்கள் என்ன ஏதென்று பார்க்கப் பார்க்க, மகள் விடுவிடென்று தெருவில் இறங்கி நடந்தாள். அடுத்த தெரு, மூன்றாவது வீடு. செங்குத்தான குறுகிய படி. செருப்பு அவளுக்குப் பெரிது. ஒவ்வொரு படியிலும் சறுக்கியது.

கதவைத் தட்டுவதற்குள் திறந்துவிட்டார். கழுத்தில் அளவு டேப், கையில் போன். முகமெல்லாம் சிரிப்பு.

"வாம்மா, நீயா! காலைலேர்ந்து எனக்கு உசிரே இல்ல, போ. உங்கம்மா ரிங் குடுக்கல. நாலு தடவ அடிச்சேன். இந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்படி இறங்கறதுன்னு படியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். இப்பதாம்மா வந்துச்சு, உங்கம்மா ரிங்கு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உடனே கட் பண்ணிட்டேன்," என்றார் டெய்லர். "கட் பண்ணினா உங்கம்மாவுக்குத் தெரியும், நான் கேட்டுட்டேன்னு."

தன் ஒரு கால் வெறுங்காலாக இருப்பதை மகள் அப்போதுதான் உணர்ந்தாள். அம்மாவின் செருப்பு மூன்று படி கீழே கவிழ்ந்து கிடந்தது.