தாய்மொழி: உருது

2024 ஜூன் மாதம் மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரி பி.ஏ. சைக்காலஜிக்கான முதல் பட்டியலை ஒட்டியது. கடைசி மார்க் எண்பத்தெட்டு சதவீதம்.

தாராவி அதீபாவின் மார்க் அறுபத்தொன்று. அவளுக்கு வேறு பாடம் எதுவும் வேண்டாம். தமிழர்கள் நடத்தும் கல்லூரி என்பதால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குத் தனி இடங்கள் இருந்தன. அந்த வழியாக நுழையலாம் என்று கண்டுபிடித்து விண்ணப்பித்தாள்.

நேர்காணலுக்குப் பெற்றோரில் ஒருவர் வர வேண்டும். வாப்பா மன்சூர் அலி பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். என்ன படிப்பு என்று அவர் கேட்டபோது, தமிழில் சொன்னால் கௌரவமாக இருக்குமென்று போனில் தேடி, "உளவியல்" என்றாள். அவர் அதை உளவுத்துறை என்று எடுத்துக்கொண்டார். பட்டறையில் எல்லோருக்கும் பலூதா வாங்கிக் கொடுத்தார். அவள் திருத்தவில்லை.

நேர்காணல் எடுத்தவர் பானுமதி, வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார்.

"இதுல தாய்மொழி உருதுன்னு போட்டிருக்கே."

"பேரைப் பாத்து ஸ்கூல் கிளார்க் போட்டுட்டாரு மேடம்," என்றாள் அதீபா.

"நாங்க திருநெல்வேலி மேலப்பாளையம்," என்றார் மன்சூர் அலி. "எனக்கு வாறது பட்டறை இந்தி. அதை உருதுன்னு சொன்னா உருதுக்காரன் கேஸ் போடுவான்."

"தமிழ் வாசிப்பியோ?" என்று பானுமதி செய்தித்தாளை நீட்டினார். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த அதீபா முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள்.

"போகட்டும். எதுக்கு இந்த சப்ஜெக்ட்?"

மன்சூர் அலி முந்திக்கொண்டார். "சி.ஐ.டி. வேலைக்கு மேடம்."

பானுமதி கண்ணாடியைக் கழற்றினார். "இது மனசைப் பத்தின படிப்பு சார்."

மன்சூர் அலி மகள் பக்கம் திரும்பினார். "ஏளா, பைத்தியாரப் படிப்பா?"

"இல்ல வாப்பா. மனசு சரியில்லாதவங்ககிட்ட உக்காந்து பேசறது."

"நம்ம சந்துல எல்லாவனும் அப்படித்தான் இருக்கான். போய்ப் பேசு. அதுக்கு எதுக்கு மாட்டுங்கா?"

"உங்கள்ட்ட இருந்து ஆரம்பிக்கணும்னா படிச்சுட்டுத்தான் வரணும்."

"வாயைப் பாரு. ஒங்க உம்மா குடுத்த எடம்."

"உம்மாவ இழுக்காதிய. ஒங்ககூட குடும்பம் நடத்துனதுக்கே அவளுக்கு ஒரு டிகிரி குடுக்கணும்."

பானுமதி சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். "தமிழ்தான், சந்தேகமே இல்லை. ஆனா பேப்பர் உருதுங்கறதே. வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்திண்டு வாங்கோ."

பள்ளிக்கு நேராகப் போனார்கள். திருத்த மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வாசலில் நின்று மன்சூர் அலி பீடி பற்றவைத்தார்.

"வேற வழி இருக்கா?"

"ஓப்பன் யுனிவர்சிட்டி. தாய்மொழி எதுன்னு கேக்க மாட்டாங்க."

"வாப்பாவ வரச் சொல்லுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப அதுலயே சேரு."

ஆகஸ்டில் செம்பூர் படிப்பு மையம் வழியாக அதீபா பி.ஏ. சைக்காலஜியில் சேர்ந்தாள். வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும்.