இரண்டு புள்ளி பூஜ்யம்

துப்பாக்கி ஆலையின் அளவறைக் கதவை உள்ளே தாழிட்டபோது சகலையின் வாயிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. வரும் வழியிலேயே நாலு சாத்து சாத்திதான் இழுத்து வந்திருந்தார்கள்.

ஊசி நாற்காலியை விட்டு எழுந்தார். துப்பாக்கிக் குழலின் துளைகளுக்குள் எஃகு ஊசிகளை விட்டுப் பார்த்து அளவு சொல்வது அவர் வேலை. ஆலையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் அவர் 'ஊசி'தான். சகலை துளை போடுகிறவர். இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள்.

இழுத்து வந்த மூவரில் ஒருவரான உலைக்காரர், உடைந்த துப்பாக்கியின் குழலை மேசைமேல் போட்டார். அதில் ரத்தம் இன்னும் காயவில்லை. புதுத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்க்கிறவன் அவருடைய தம்பி. ஒரு மணி நேரம் முன்பு துப்பாக்கியின் பின்பகுதி உடைந்து, சில்லு அவன் வலது கண்ணில் இறங்கியிருந்தது.

"அளந்து சொல்லு."

குண்டு போகும்போது வாயுவில் கொஞ்சம் குழலின் சிறு துளை வழியே பிரிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றும் பாகத்தைப் பின்னால் உதைக்கும். துளை பெரிதானால் உதை பலமாகும். மயிரிழை போதும்.

"இவன்தான் பெருசு பண்ணச் சொல்லி சீட்டு குடுத்தான், கேளுங்கண்ணே" என்றார் சகலை.

"ஒரு படின்னு எழுதியிருப்பான். பதினோரு வருஷமா ஊசி சொன்ன அளவு தப்புனதில்ல. நீ எத்தனை படி ஏறுனியோ, யாரு கண்டா" என்றார் உலைக்காரர்.

கூட வந்த இருவர் சகலையைக் குனியவைத்து, வலது கை விரல்களை மேசை ஓரத்து வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவே நுழைத்தார்கள். உலைக்காரர் பிடியைத் திருகி விரல்களை இறுக்கினார்.

"ரெண்டு புள்ளி பூஜ்யம் மில்லி ஊசி போனா சரி. அதுக்கு மேல போற ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு சுத்து."

ஊசி குழலைத் துடைத்தார். இரண்டு புள்ளி பூஜ்யம் ஊசியை எடுத்துத் துளையில் வைத்தார். மெல்ல வழுக்கி இறங்க வேண்டிய ஊசி தடக்கென்று உள்ளே விழுந்தது.

அந்த நொடியே அவருக்குப் புரிந்துவிட்டது. காலையில் இதே ஊசி இதே துளையில் நின்றுவிட்டது. ஆனால் வாயில் அல்ல, அடியில் போய் நின்றது. துளை சிறியதாக இருந்தால் ஊசி வாயிலேயே மறுத்துவிடும். அடியில் நின்றால் துளை போடும்போது கிளம்பிய இரும்புப் பிசிறு குழலுக்குள் ஒட்டியிருக்கிறது என்று பொருள். பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு அளக்க வேண்டும். காலையில் அவர் தேய்க்கவில்லை. சரியாக இருந்த துளையைச் சிறியது, மூன்று படி பெரிதாக்கு என்று சீட்டு எழுதிவிட்டார்.

வாயைத் திறந்தார். குழலில் துடைத்தும் போகாத ரத்தம் கண்ணில் பட்டது. மூடிக்கொண்டார்.

"போச்சா?"

"போச்சு."

"அடுத்தது."

இரண்டு புள்ளி பூஜ்யம் ஐந்து போனது. ஒரு சுத்து. சகலை பல்லைக் கடித்தார்.

இரண்டு புள்ளி ஒன்று. ஊசியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும், சிக்கிக்கொள்ளும். போகவில்லை என்று சொல்லிவிடலாம். விரல்கள் நேராகவே பிடித்தன. போனது. வைஸுக்குள் ஏதோ முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"சொல்லித் தொலைடா" என்றார் சகலை. "அந்தச் சீட்டு... சொல்லுடா."

அடுத்ததும் போனது. இம்முறை அலறலில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"நான்தான் தப்பா அளந்தேன்" என்றார் ஊசி.

உலைக்காரர் சிரித்தார். "சகலபாடிப் பாசமா? மாமியார் வீட்டுல நாளைக்கும் சோறு போடணுமில்ல."

சொன்னால் நம்பப் போவதில்லை. ஊசி அலமாரிக்குப் போனார். காலையில் 'சிறியது' என்று அவர் சீட்டு ஒட்டிய இன்னொரு குழல் துளைக்கும் பிரிவுக்குப் போகாமல் அங்கேயே இருந்தது. அதில் இரண்டு புள்ளி பூஜ்யத்தை விட்டார். அடியில் போய் நின்றது. உலைக்காரரிடம் காட்டினார். பிறகு கம்பி பிரஷ்ஷைக் குழலுக்குள் விட்டுப் பத்து முறை இழுத்தார். வெள்ளைத் துணியில் நகத்துணுக்கு போல ஒரு பிசிறு உதிர்ந்தது. அதே ஊசி வழுக்கிக்கொண்டு முழுக்க இறங்கியது. எல்லாவற்றையும் நிதானமாகத்தான் செய்தார். அவசரமாகச் செய்ய அவருக்குத் தெரியாது. அதுவரை சகலையின் விரல்கள் வைஸிலேயே இருந்தன.

உலைக்காரர் துணியிலிருந்த பிசிறை விரலால் தொட்டுப் பார்த்தார். வைஸைத் தளர்த்தினார். திரும்பி ஊசியின் முகத்தில் ஒரு குத்து விட்டார். மூக்குக்கண்ணாடி சிதறியது. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

சகலை எழுந்தார். சிறுவிரலும் மோதிரவிரலும் தட்டையாகிக் கிடந்தன. அந்தக் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊசியின் எதிரே வந்து நின்றார்.

"எந்த ஊசில தெரிஞ்சுது உனக்கு?"

கடைசி ஊசி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சகலை நம்பியிருப்பார். இவர் அளவை நம்பாதவர்கள் ஆலையிலேயே கிடையாது.

"மொதல் ஊசிலயே."

சகலை இடது கையால் குழலை எடுத்தார். பழக்கமில்லாத கை, தடுமாறியது. கூட வந்த இருவரில் ஒருவன் தடுக்க வந்தான், மற்றவன் அவன் தோளைப் பிடித்து இழுத்தான். ஊசி கையைத் தூக்கவில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது தாடையில் சரியாக விழுந்தது.